குரோனிங்கனில் ஓராண்டு: சுவாரெஸை ஆளாக்கியது அந்தச் சிறிய கிளப்தானா?

நடுக்களம் எழுதியது:

உருகுவே கால்பந்து வீரர் லூயிஸ் சுவாரெஸ் என்றதும் பேச்சு லிவர்பூலுக்கும் பார்சலோனாவுக்கும் போய்விடுகிறது. இல்லையென்றால் 2010 உலகக் கோப்பையில் கானாவுக்கு எதிராகக் கோல் கோட்டில் நின்று கையால் தடுத்த அந்தப் பந்துக்குப் போகிறது. அதற்கெல்லாம் முன்பு, 19 வயதில் நெதர்லாந்தின் வடகோடியில் குரோனிங்கன் என்ற ஊரில் அவர் கழித்த ஓராண்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையைத் தீர்மானித்தது 2006-07 பருவம்தான்.

2006இல் குரோனிங்கன் கிளப்பின் ஆட்கள் உருகுவேக்குப் போனது வேறொரு வீரரைப் பார்க்க. எலியாஸ் ஃபிகெரோவா என்பவர்தான் அவர்கள் தேடிப்போன ஆள். போன இடத்தில், சுவாரெஸ் ஆடிய நாசியோனல் என்ற உள்ளூர்க் கிளப்பின் ஆட்டம் ஒன்றைப் பார்த்தார்கள். டிஃபென்சோருக்கு எதிரான அந்த ஆட்டத்தில் சுவாரெஸ் ஒரு பெனால்டியைச் சம்பாதித்துத் தானே அடித்தார். அழகான இன்னொரு கோலும் போட்டார். அத்தோடு தேடிவந்த பெயர் மறந்துபோயிற்று. 8 லட்சம் யூரோ கொடுத்துச் சுவாரெஸை அழைத்துப் போனார்கள்.

போய்ச் சேர்ந்தவருக்கு டச்சு தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. நாசியோனலோடு அந்த ஆண்டுதான் உருகுவே சாம்பியன் பட்டம் வென்றிருந்தார். இங்கே முதலில் இரண்டாம் அணியில் இறக்கினார்கள். அந்த ஊரின் ஆட்டமுறை பழகட்டும் என்று பயிற்சியாளர் ரான் யான்ஸ் பொறுமை காட்டினார். உருகுவேக்காரரான வலதுபக்கத் தடுப்பாளர் புரூனோ சில்வா அதே அணியில் இருந்து வீட்டிலும் மைதானத்திலும் கைகொடுத்தார். சுவாரெஸ் டச்சு கற்க உட்கார்ந்தார். பருவம் முடியும்போது லீக்கில் 29 ஆட்டம், 10 கோல். அணி எட்டாம் இடம்.

அந்த 10 கோல் பெரிய எண் அல்ல. தடுமாற இடமும், தடுமாறினாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை களமிறங்கும் வாய்ப்பும் அங்கே கிடைத்தன. தென் அமெரிக்கப் பையன்களை 16, 17 வயதிலேயே உலகின் மிகப் பெரிய கிளப்புகள் வளைத்துப்போடும் இந்தக் காலத்தில் இதைப் பேசியாக வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் வெளிநாட்டுக் கிளப் சிறியதாக இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

மூலைக்கொடி எழுதியது:

நண்பரே, நீங்கள் சொன்ன தகவல்கள் சரி. முடிவை நான் ஏற்கமாட்டேன். குரோனிங்கன் இல்லாவிட்டாலும் அவர் வந்திருப்பார். காரணம், அவர் ஐரோப்பாவுக்குப் போகத் துடித்தது கால்பந்துக்காக மட்டும் அல்ல.

சால்டோவில் பிறந்தவர். ஏழு வயதில் குடும்பத்தோடு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மொண்டேவீடியோவுக்கு வந்தார். ஒன்பது வயதில் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். பதின்ம வயதில் சோஃபியா பால்பி என்ற பெண்ணோடு பழக்கம். 2003இல் அந்தப் பெண்ணின் குடும்பம் பார்சலோனாவுக்குக் குடிபெயர்ந்தது. 16 வயதுப் பையனிடம் விமான டிக்கெட்டுக்குப் பணம் ஏது? ஐரோப்பாவில் ஏதாவது ஒரு கிளப் கூப்பிட்டால்தான் அவளோடு சேர முடியும் என்று அவர் நினைத்தார். இதைப் பிற்காலத்தில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். குரோனிங்கன் போன பிறகு சோஃபியா அங்கே வந்து சேர்ந்தார், 2009இல் திருமணம்.

அப்படிப்பட்ட ஒருவனைச் சைபீரியாவில் கொண்டுபோய் விட்டாலும் கோல் போடுவான். அந்தப் பசிக்கான பெருமையைக் கிளப்பின் கணக்கில் எழுதாதீர்கள்.

நடுக்களம் எழுதியது:

மூலைக்கொடி, பசி இருந்தது, மறுக்கவில்லை. பசியோடு போய்க் காணாமல்போனவர்கள் எத்தனை பேர்! தென் அமெரிக்காவிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் புறப்படும் பையன்களில் நமக்குப் பெயர் தெரிவது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை. மற்றவர்களுக்கும் வீட்டில் கஷ்டம் இருந்தது, காதல் இருந்தது, வெறி இருந்தது. அவர்களுக்கு ஒரு புரூனோ சில்வா வாய்க்கவில்லை. அல்லது இரண்டாம் அணியில் மறந்துபோனார்கள்.

பனிக்காற்று எழுதியது:

நான் நெதர்லாந்தில் வாழ்பவன். இந்த விவாதத்தில் இந்த ஊர் எப்படிப்பட்டது என்று யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

குரோனிங்கன் மாணவர்களின் ஊர். எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் வந்தால் நகரங்கள் குறைந்து, கால்வாயும் மாடு மேயும் சமவெளியுமாக நீண்டுகொண்டே போகும். டிசம்பரில் மாலை நாலரைக்கு முன்பே இருட்டிவிடும். சுவாரெஸுக்கு டிசம்பர் என்றால் கோடை. அவர் வளர்ந்த நகரத்தில் அந்த மாதம் மக்கள் கடற்கரைக்குப் போவார்கள். இங்கே அதே மாதத்தில் பயிற்சி மைதானத்தில் தடுப்பு எதுவும் இல்லாமல் வடக்குக் காற்று அடிக்கும். கையுறை இல்லாமல் வெளியே நின்றால் சற்று நேரத்தில் விரல் மரத்துப் போகும்.

அவர் வந்தபோது யூரோபோர்க் ஸ்டேடியம் புத்தம் புதியது. 2006 ஜனவரியில்தான் திறந்தார்கள். கிளப்பின் நிறம் பச்சை வெள்ளை, இருக்கைகளும் பச்சை. ரசிகர்கள் அதைப் பச்சைப் பேராலயம் என்று அழைக்கிறார்கள். அன்று சுமார் 20,000 பேர் உட்காரும் இடம், பார்வையாளர்கள் களத்துக்கு மிக அருகில். கூச்சல் தலைக்கு மேலேயே நிற்கும். ஒரு வீரன் பந்துக்காக விழுந்து புரண்டு ஓடினால் இந்த ஊர் அவனை உடனே தத்து எடுத்துக்கொள்ளும். அலங்காரமாக ஆடுபவனிடம் அவ்வளவு ஒட்டாது. சுவாரெஸ் ஆடிய விதம் இங்கே பிடித்துப்போனதில் எனக்கு வியப்பே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரருக்குக் கிளப் நினைத்த சம்பளத்தைக் கொடுத்துவிட முடியாது. லீக்கின் சராசரிச் சம்பளத்தில் குறைந்தது 150 சதவீதம் கொடுக்க வேண்டும். 18, 19 வயதினருக்கு 75 சதவீதம். ஆகவே குரோனிங்கன் போன்ற ஒரு கிளப்புக்கு வெளிநாட்டுப் பையன் என்பது மலிவான சரக்கு அல்ல. உள்ளூர்ப் பையன்கள் இருவருக்கு ஆகும் செலவை ஒருவர் மீது வைக்கிறார்கள். அதனால்தான் பொறுமையாகப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அவர் தோற்றுப்போவது கட்டுப்படியாகாது.

மூலைக்கொடி எழுதியது:

பனிக்காற்று அண்ணா, அருமையான விளக்கம். ஆனால் அதே கிளப்பை அவர் எப்படி விட்டுப் போனார் என்பதையும் இங்கே வைக்க வேண்டும். முதல் பருவம் முடிந்ததும் ஆம்ஸ்டர்டாமின் பெரிய கிளப்பான அயாக்ஸ் 35 லட்சம் யூரோ தருவதாகச் சொன்னது. குரோனிங்கன் மறுத்தது. சுவாரெஸ் நெதர்லாந்துக் கால்பந்துச் சங்கத்தின் நடுவர் மன்றத்துக்கே போய்விட்டார், தன்னை விடுவிக்க வேண்டும் என்று. 2007 ஆகஸ்டு மாதம் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. தீர்ப்பு வந்த அதே நாளில் அயாக்ஸ் தொகையை 75 லட்சமாக உயர்த்தியது, குரோனிங்கன் கையெழுத்துப் போட்டது.

மொழி கற்றுக்கொடுத்து, இரண்டாம் அணியில் பொறுமையாக வளர்த்த கிளப்பை ஓராண்டிலேயே மன்றத்தில் நிறுத்தியிருக்கிறார். நீங்கள் சொல்லும் அந்தப் பாசமான சிறிய வீடு அவருக்கு வெறும் படிக்கட்டுத்தான்.

கணக்கர் எழுதியது:

படிக்கட்டு என்பதில் என்ன குறை? குரோனிங்கனும் அவரைப் படிக்கட்டாகவே வாங்கியது. 8 லட்சத்துக்கு வாங்கி ஓராண்டில் 75 லட்சத்துக்கு விற்றார்கள். அவர் போன அதே கோடையில் ஸ்வீடனிலிருந்து மார்கஸ் பெர்க் வந்தார்; அவரும் கோல் போட்டுப் பிறகு நல்ல விலைக்குப் போனார். பின்னாளில் டூசான் டாடிச், வெர்ஜில் வான் டைக் எல்லோரும் அந்த வாசல் வழியாக வந்தவர்கள்தாம். இரண்டு பக்கமும் தெரிந்து செய்த ஒப்பந்தம் இது.

பணத்தைப் பேசும்போது ஒன்றை விட்டுவிடக் கூடாது. ஃபிஃபாவின் ஒற்றுமைப் பங்கு விதி. ஒரு வீரர் நாடு விட்டு நாடு விற்கப்படும்போது தொகையில் 5 சதவீதம், அவரை 12 முதல் 23 வயதுவரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். 12 முதல் 15 வயதுவரையான பருவம் ஒவ்வொன்றுக்கும் மொத்தத் தொகையில் கால் சதவீதம்; 16 முதல் 23 வரை ஒவ்வொரு பருவத்துக்கும் அரை சதவீதம். 2011 ஜனவரியில் அயாக்ஸ் சுவாரெஸை லிவர்பூலுக்கு 2 கோடியே 65 லட்சம் யூரோவுக்கு விற்றது. அதில் அரை சதவீதம் 1,32,500 யூரோ. விதிப்படி பார்த்தால் குரோனிங்கனில் அவர் ஆடிய அந்த ஒரே பருவத்தின் மதிப்பு அவ்வளவு. 14 வயதிலிருந்து வைத்திருந்த நாசியோனலுக்கு இன்னும் கூடுதல். 2014இல் பார்சலோனா ஏறக்குறைய 8 கோடி யூரோ கொடுத்தபோது மறுபடியும் அதே கணக்கு.

மொண்டேவீடியோவில் ஓர் இளைஞர் அணியின் பஸ் செலவுக்கும் பூட்ஸ் செலவுக்கும் இந்தப் பணம் எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு பையன் சரியான முதல் கிளப்புக்குப் போனால் அவனை வளர்த்த இடத்துக்குப் பல ஆண்டுகள் பணம் வந்துகொண்டே இருக்கும். தவறான இடத்தில் முடங்கிப்போனால் அந்த வாய்க்கால் அன்றே வற்றிவிடும்.

பழைய ரசிகன் எழுதியது:

ஒரே ஆளை வைத்துப் பேசினால் முடிவு வராது. சால்டோவிலேயே இன்னொருவர் இருக்கிறார். எடின்சன் கவானி. சுவாரெஸ் 1987 ஜனவரி 24, கவானி அதே ஆண்டு பிப்ரவரி 14. ஒரே ஊர், மூன்று வார இடைவெளி.

கவானி உருகுவேயின் தானுபியோ கிளப்பிலிருந்து 2007 ஜனவரியில் இத்தாலியின் பலேர்மோவுக்குப் போனார். அந்த மாதம்தான் தென் அமெரிக்க 20 வயதுக்குட்பட்டோர் போட்டியில் 7 கோல் போட்டு முதலிடம் பிடித்திருந்தார். பலேர்மோவில் ஃபியோரெண்டினாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே தொலைவிலிருந்து பந்தை விழவிடாமல் அடித்து ஒரு கோல், பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் முன்கள வீரர் அமாவ்ரி அணியில் இருந்தவரை கவானி பெரும்பாலும் இரண்டாம் தேர்வுதான். 2008இல் அமாவ்ரி போன பிறகே இடம் உறுதியானது. அடுத்த பருவம் லீக்கில் 14 கோல். 2010இல் நாப்போலி. அவரும் நடுத்தரக் கிளப் வழியாக வந்தவரே.

இப்போது எதிர்ப்பக்கம். டியேகோ ஃபோர்லான் 2002 ஜனவரியில் அர்ஜென்டினாவின் இண்டிபெண்டியென்டேயிலிருந்து நேரே மான்செஸ்டர் யுனைடெட். வயது 22, விளையாட்டு அறிவும் குடும்பப் பின்னணியும் உள்ளவர். அப்பாவே உருகுவேக்கு ஆடியவர். முதல் கோலுக்கு எட்டு மாதம் ஆயிற்று. 2002 செப்டம்பரில் மக்காபி ஹைஃபாவுக்கு எதிராக ஒரு பெனால்டி. ரசிகர்கள் அவரை வெறுக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு வாரமும் பத்திரிகைகள் எண்ணிக்கொண்டே இருந்தன. 2004இல் வியாரியாலுக்குப் போனார், முதல் பருவத்திலேயே 25 லீக் கோல், ஸ்பெயினின் அதிக கோல் போட்டவர் விருது. 2010 உலகக் கோப்பையின் சிறந்த வீரரும் அவரே. அதே கால்தான். மான்செஸ்டரில் இருந்ததும் அதே கால்தான்.

நடுக்களம் எழுதியது:

பழைய ரசிகன் ஐயாவுக்கு நன்றி. நான் சொல்ல வந்ததை ஃபோர்லான் கதை என்னைவிடத் தெளிவாகச் சொல்கிறது.

வேலிக்கு வெளியே எழுதியது:

எல்லோரும் கோலையும் காசையும் எண்ணுகிறீர்கள். அவருடைய கோபத்தை யார் பேசுவது?

2007 ஜனவரியில் குரோனிங்கனுக்காக ஐந்து ஆட்டங்களில் நான்கு கோல். அதே ஐந்து ஆட்டங்களில் மூன்று மஞ்சள் அட்டை, ஒரு சிவப்பு அட்டை. அடுத்த மாதம் 8ஆம் தேதி கொலம்பியாவுக்கு எதிராக உருகுவே அணியில் அறிமுகம். 3-1 வெற்றி, ஆனால் அறிமுக ஆட்டத்திலேயே இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போனார். அயாக்ஸில் ஆட்ட இடைவேளையில் சொந்த அணித் தோழரான ஆல்பர்ட் லூக்கேயுடன் ஃப்ரீ கிக் பற்றிச் சண்டை. மார்கோ வான் பாஸ்டன் பயிற்சியாளராக இருந்தபோது சுவாரெஸின் மஞ்சள் அட்டைகளைப் பற்றி வெளிப்படையாகவே குறைப்பட்டார். பிறகு 2010 நவம்பரில் எதிரணியான பிஎஸ்வியின் வீரர் ஒட்மான் பக்கலைத் தோளருகில் கடித்து ஏழு ஆட்டத் தடை. கடிப்பது அத்தோடு நிற்கவில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

19 வயதில் அவரைத் தத்து எடுத்துக்கொண்ட ஊர் அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் கொண்டாடியது. விழுந்து புரள்வதை ரசித்தார்கள். நடுவரை முற்றுகையிடுவதையும் வேகம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஓர் இளைஞனை அன்னிய நாட்டில் கையேற்கும் கிளப்புக்கு மொழி வகுப்பு வைப்பதோடு கடமை முடிந்ததா? அவனுக்குள் என்ன எரிகிறது என்று உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டாமா? சிறிய கிளப் நல்லது என்ற வாதத்தில் எனக்கு இருக்கும் குறை இதுதான். பொறுமை இருக்கிறது, ஆட்டநேரம் இருக்கிறது. அவன் தாய்மொழியில் அவனிடம் பேசத் தெரிந்த உளவியல் ஆலோசகர் அன்று எத்தனை நடுத்தரக் கிளப்புகளில் இருந்திருப்பார்?

பனிக்காற்று எழுதியது:

வேலிக்கு வெளியே சொல்வதில் வலு இருக்கிறது. ஆனாலும் முழுப் பழியையும் முதல் ஆண்டின் மேல் போட முடியாது. அயாக்ஸில் மூன்றரை ஆண்டு இருந்தார். 2009-10இல் பயிற்சியாளர் மார்ட்டின் யோல் அவரைக் கேப்டனாகவே ஆக்கினார். பொறுப்பைக் கொடுத்தால் அடங்குவார் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். அந்தப் பருவத்தில் 33 லீக் ஆட்டங்களில் 35 கோல், நெதர்லாந்தின் சிறந்த வீரர் விருது. அடுத்த பருவத்தில் அந்தக் கடி. கேப்டன் பட்டையைக் கையில் கட்டியிருந்தும் நடந்தது அது. குரோனிங்கனைவிடப் பல மடங்கு வசதி உள்ள கிளப்பாலும் அவருடைய அந்தப் பக்கத்தைத் தொட முடியவில்லை.

மூலைக்கொடி எழுதியது:

இதைத்தான் நானும் சொல்கிறேன். நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவர் அவராகவே இருந்தார். கிளப் ஆளை மாற்றுவதில்லை.

நடுக்களம் எழுதியது:

மாற்றுவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருப்பதை வெளியே கொண்டுவர முடியும். குரோனிங்கன் பருவத்தில் வித்தெஸ்ஸே அணிக்கு எதிரான ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். முடிய பத்து நிமிடம் இருக்கையில் குரோனிங்கன் 1-3 பின்தங்கி நிற்கிறது. சுவாரெஸ் ஒரு பெனால்டியைச் சம்பாதிக்கிறார், பிறகு தானே இரண்டு கோல் போடுகிறார், ஆட்டம் 4-3. வேலிக்கு வெளியே சொன்ன அதே எரிச்சல்தான் அங்கேயும் ஓடுகிறது. தோல்வியைச் சகிக்காத எரிச்சல். பெரிய கிளப்பாக இருந்தால் 19 வயதுப் பையனை எழுபதாம் நிமிடத்திலேயே வெளியே எடுத்து, விலை கொடுத்து வாங்கிய வேறொருவரை இறக்கியிருப்பார்கள். ரான் யான்ஸ் களத்திலேயே விட்டுவைத்தார்.

புதிய உறுப்பினர் 'பயிற்சிக்கூடம்' எழுதியது:

வணக்கம். இளையோருக்குப் பயிற்சி தருபவன் என்பதால் ஒன்று கேட்க வேண்டும். இன்று நிலைமை வேறு அல்லவா? ஃபிஃபா விதியின் 19ஆம் பிரிவுப்படி 18 வயது ஆகாமல் நாடு விட்டு நாடு மாற முடியாது, சில விலக்குகள் தவிர. ஆகவே பெரிய கிளப்புகள் 16 வயதிலேயே ஒப்பந்தம் போட்டுவிட்டு, 18 ஆகும்வரை பையனைச் சொந்த ஊரிலேயே ஆடவிடுகின்றன. பிரேசிலின் வினிசியஸை ரியல் மாட்ரிட் 2017இல் ஏறக்குறைய 4.5 கோடி யூரோவுக்குப் பேசி முடித்து, 2018 ஜூலையில் அழைத்துக்கொண்டது. வந்தவுடன் காஸ்டியா என்ற தன் இரண்டாம் அணியில் ஆடவைத்தது. முதல் சில பருவங்கள் கோலுக்கு முன்னால் தடுமாறினார், அவரை எள்ளி நகையாடினார்கள். ஆனால் 2021-22இல் லீக்கில் 17 கோல், சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லிவர்பூலுக்கு எதிராக ஒரே வெற்றிக் கோல். பெரிய கிளப்பும் பொறுமை காட்டியிருக்கிறதே.

பழைய ரசிகன் எழுதியது:

வரவேற்கிறோம் தம்பி. நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் 4.5 கோடி கொடுத்து வாங்கியவனிடம் பொறுமை காட்டுவார்கள், பணம் போட்டாயிற்றே. 50 லட்சத்துக்கு வந்தவனிடம் காட்டுவார்களா?

அதற்கு இடைப்பட்ட வழி மோய்செஸ் கைசெடோ. ஈக்வடாரின் இண்டிபெண்டியென்டே தெல் வாயேயிலிருந்து 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரைட்டனுக்கு வந்தார். உடனே பிரீமியர் லீக்கில் தள்ளவில்லை. பெல்ஜியத்தில் பேர்ஸ்காட் என்ற, பட்டியலின் அடியில் கிடந்த அணிக்கு இரவலாக அனுப்பினார்கள். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் நடுக்களத்தில் ஆடுவது எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் என்று பயிற்சியாளரான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022 ஜனவரியில் திரும்ப அழைத்தார்கள்; 2023இல் செல்சி 10 கோடி பவுண்டுக்குக் குறையாமல் கொடுத்து வாங்கியது. குரோனிங்கன் சுவாரெஸுக்குச் செய்ததைப் பிரைட்டன் திட்டம்போட்டு வேறொரு நாட்டில் வாடகைக்கு எடுத்துச் செய்திருக்கிறது.

வேலிக்கு வெளியே எழுதியது:

கைசெடோ விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரைட்டனில் பிறகு தென் அமெரிக்க இளைஞர்கள் பலர் அடுத்தடுத்து வந்தார்கள். தனி ஆளாக வருபவனுக்கும் அணியில் தன் மொழி பேசும் இருவர் இருப்பவனுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது. இரவு உணவுக்கு யார் வீட்டுக்குப் போகலாம் என்பதில் அது இருக்கிறது.

நடுக்களம் எழுதியது:

ஆம், அதனால்தான் புரூனோ சில்வாவின் பெயரை முதல் பதிவிலேயே எழுதினேன். சுவாரெஸைவிட ஏழு வயது மூத்தவர். 2008 ஜனவரியில் அவரையும் அயாக்ஸ் வாங்கிக்கொண்டது. இருவரும் மறுபடி ஒரே அணி. அவருக்குப் பெரிய பட்டம் எதுவும் பேசப்படுவதில்லை. ஆனால் சுவாரெஸின் 159 அயாக்ஸ் ஆட்டங்களையும் 111 கோல்களையும் எழுதுகிறவர்கள் ஒரு வரியாவது அவருக்கு ஒதுக்க வேண்டும்.

பயிற்சிக்கூடம், காஸ்டியா போன்ற இரண்டாம் அணி உள்ள கிளப்புகளுக்கு என் வாதம் அப்படியே பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அப்படி அடுத்த தளத்தில் முறையாகப் போட்டியிடும் இரண்டாம் அணி எல்லா நாட்டிலும் இல்லை. இங்கிலாந்தில் இல்லை. அங்கே போகிறவனுக்குக் கைசெடோ வழிதான் மிச்சம்.

பயிற்சிக்கூடம் எழுதியது:

நன்றி. பலேர்மோவில் கவானி காத்திருந்த அந்த முதல் பருவத்தைப் பற்றி மேலும் படிக்க ஆசை. அமாவ்ரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது அவரை எந்த இடத்தில் ஆடவைத்தார்கள்? பக்கவாட்டில் ஓடவிட்டது பிற்காலத்தில் அவருக்கு உதவியதா?

பழைய ரசிகன் எழுதியது:

அது இந்த இழையில் அடங்காது தம்பி. நாப்போலியிலும் பாரிசிலும் அவர் ஓடிய ஓட்டத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். கவானிக்குத் தனி இழை தொடங்குகிறேன், எல்லோரும் அங்கே வாருங்கள். மூலைக்கொடி கட்டாயம் வர வேண்டும். மறுப்பதற்கு ஆள் இல்லாமல் எனக்கு எழுத வராது.